நாலாவது போல்ற்

2003ஆம் ஆண்டு பங்குனி மாதம், தவக்காலத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், பேசாலைக் கரையில் கட்டியிருந்த ‘சமுத்திர நாயகி’ என்ற மீன் ஏற்றும் போட்டின் ஜெனரேற்றருக்குப் பின்னால், ஆள் நுழைய முடியாத ஆறங்குல இடைவெளியில் இருந்து ஒரு கை நீண்டு, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை மெக்கானிக் பஸ்ரியனின் உள்ளங்கையில் வைத்தது. கை ஈரமாக இருந்தது. ஸ்பானர் சரியான நம்பர்தான். பஸ்ரியன் அதை வாங்கி, தண்ணீர்ப் பம்பியின் முதல் போல்றைக் கழற்றி, ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தான்; பின்னாலிருந்த கை அதையும் வாங்கிக்கொண்டது. இரண்டாவது போல்ற் பாதி கழன்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது, அங்கே ஒரு கை இருக்க இடமே இல்லை என்று. அவன் அலறவில்லை. அந்தப் பொந்துக்குள் அலறினால் தன் காதுதான் அடைக்கும் என்பது பழகினவர்களுக்குத் தெரியும். நாலு போல்றையும் கழற்றி, பழைய ரப்பர்ச் சக்கரத்தை எடுத்துப் புதியதைப் போட்டு, மூடி, மேலே ஏறி வந்து தளத்தில் குந்தியிருந்து ஒரு பீடியை முழுசாகப் பத்தி முடித்தான். அன்று கரையில் பாரை மீன் வரத்து மோசம், காற்று மட்டு. வேறு விசேசம் ஒன்றும் இல்லை.

அந்த ஜெனரேற்றர் அங்கே இருந்திருக்கவே கூடாது. போட்டின் சொந்தக்காரர் எருக்கலம்பிட்டி சாஹுல் ஹமீட், தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் மற்ற முஸ்லிம்களைப்போல இயக்கத்தால் ஊரோடு வெளியேற்றப்பட்டுப் பன்னிரண்டு வருசம் புத்தளத்தில் கொட்டில் கட்டி இருந்துவிட்டு, சமாதான காலத்தில் திரும்பி வந்தவர். வரும்போது நீர்கொழும்பில் இந்தப் போட்டை வாங்கி வந்தார். மாதாவின் பேரில் இருக்கிற போட்டை ஒரு முஸ்லிம் வைத்திருக்கலாமோ என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். “பேரை மாத்தினா போட் கோவிச்சுக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டார். முன்னைய சொந்தக்காரன் மீன் வைக்கும் அறையைக் குளிராக்க வேண்டுமென்று போட்டுக்குத் தாங்காத பெரிய ஜெனரேற்றர் ஒன்றை வாங்கி, தளத்தை வெட்டி இறக்கி, மேலே பலகை அடித்து மூடியிருந்தான். மடையன். ஒன்றரை அடி ஓட்டை ஒன்றுதான் வழி. அதற்குள் தலைகீழாக இறங்கி, சூடு ஆறாத இரும்பின் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை எண்ணெய்க் குழாயில் வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் பின்னால் விட்டு, கண்ணால் காணாத நாலு போல்றுகளை விரலால் தேடிக் கழற்றவேண்டும். மன்னார்க் கடலில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். அது பம்பிக்குள் போய் ரப்பரைத் தின்னும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருந்தது. மன்னார்த் தீவில் அதைச் செய்யக்கூடியவன் பஸ்ரியன் ஒருவன்தான். ஆள் ஒல்லி, இடது கைக்காரன், வீட்டில் காத்திருக்க ஒருவரும் இல்லை.

முன்பு வீட்டில் காத்திருந்தவள் அவன் பெண்சாதி மதலேனா. அவள் போனது தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம். சண்டைக்குத் தப்பித் தீவில் பாதிப்பேர் இராமேஸ்வரத்துக்குப் போட் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மதலேனாவின் தகப்பனுக்குப் பள்ளிமுனையில் சைக்கிள் கடை இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட ஸ்பானர்களுக்குள் படித்ததுதான் கூட. வலது சுண்டுவிரலின் நுனியைச் சைக்கிள் சங்கிலி ஒன்று எடுத்துக்கொண்டு போயிருந்தது. கலியாணம் முடித்த பிறகு பஸ்ரியன் முற்றத்தில் இயந்திரம் கழற்றும்போதெல்லாம் பக்கத்தில் குந்தியிருந்து, அவன் வாய் திறக்குமுன் சரியான நம்பரைக் கையில் வைப்பாள். அவள் போன அன்று பின்னேரம் போட்டுக்கார லோறன்ஸ் தன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். தண்ணீர்ப் பம்பி அடைத்துவிட்டது. மைமல் இருட்டுக்கு முன்னம் இருபத்திரண்டு பேருடன் வெளிக்கிடவேண்டும். அந்த இருபத்திரண்டில் மதலேனாவும் ஒருத்தி. இன்னும் ஒருவருக்குக்கூட இடமில்லை, பஸ்ரியன் அடுத்த நாள் போவதென்று பேச்சு. பம்பியைத் திறந்து துப்புரவாக்கி மூடும்போது நாலு போல்றில் ஒன்று அவன் விரலால் நழுவி முற்றத்து மணலுக்குள் போய்விட்டது. தலையில் அரத்தால் சிலுவை கீறிய பித்தளைப் போல்ற். அவனே அளவெடுத்துக் கடைந்தது.

“நாலாவது எங்க?” என்று மதலேனா கேட்டாள்.

“மண்ணுக்க விழுந்திட்டுது. மூண்டு காணும், தாங்கும். மற்ற ஓட்டைக்குக் கம்பி போட்டு முறுக்கிவிடுறன்.”

“மூண்டு காணுமோ?”

“காணும் எண்டுறனல்லோ!”

லோறன்ஸ் நின்ற இடத்தில் நிற்காமல், “கெதியாத் தாங்கோ அண்ணை, சனம் தண்ணிக்க நிக்குது” என்றான். இரண்டு ஆம்பிளைகளும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தபோது மதலேனா மணலை விரலால் கோதிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். போட்டில் ஏறுமுன் அவனிடம் இடது கையைத்தான் தந்தாள். வலது கையை இறுக்கிப் பொத்தியிருந்தாள். செபமாலையாக்கும் என்று பஸ்ரியன் நினைத்தான். “நாளைக்குக் கட்டாயம் வாங்கோ” என்றாள். “வாறன்” என்றான். லோறன்ஸ் கத்தினான், அவன் கையை விட்டான். அந்தப் போட் அந்தக் கரைக்கும் போகவில்லை, இந்தக் கரைக்கும் திரும்பவில்லை. இருபத்துமூன்று பேரில் ஒரு செருப்புக்கூட ஒதுங்கவில்லை. பஸ்ரியன் பிறகு எந்தப் போட்டிலும் ஏறிப் போகவில்லை. கந்தோர் கந்தோராக ஆறு படிவம் நிரப்பினான். ‘காணாமற் போன விதம்’ என்று இருந்த இடத்தில் ஆறு முறையும் ‘கடல்’ என்று எழுதினான். மூன்று போல்ற் என்று ஒருதரமும் எழுதவில்லை. அதை அவன் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருசமாக அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்க ஆள் இருக்கவில்லை.

ஆகவே, ஜெனரேற்றருக்குப் பின்னாலிருந்து வந்த கையின் சுண்டுவிரலில் நுனி இல்லை என்பதை வைகாசி மாதம் இரண்டாவது சேர்விஸ் செய்தபோது தடவிக் கண்டுபிடித்த பஸ்ரியன், அந்த இரும்பின் மேல் படுத்தபடியே விக்கி விக்கி அழுதான். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஓம் என்று அந்தக் கை சொல்லிவிட்டால் அவன் என்ன செய்வான்? அழுது முடியுமட்டும் கை பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு பன்னிரண்டைக் கொடுத்தது.

நாலு மணித்தியால வேலை முக்கால் மணித்தியாலத்தில் முடிவதைக் கண்டு சாஹுல் ஹமீட்டுக்குச் சந்தேகம் பிடித்தது. ஒரு நாள் ஓட்டைக்குள் தலையை விட்டுக் கேட்டார். ஸ்பானர் கை மாறும் சத்தம் கேட்டது. ஆள் வெளியே வந்ததும், “ஆரு பஸ்ரியன் உள்ளுக்க?” என்றார். “என்ர மனிசி, நானா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் பஸ்ரியன். சாஹுல் ஹமீட் தாடியைத் தடவிக்கொண்டார். தான் விட்டுப்போன வீட்டைத் தேடி வந்து கூரையைக் கிழித்து வளர்ந்திருந்த வேப்பமரத்தைக் கண்டவர் அவர். “ஆண்டவன்ட வேலைக்குக் கணக்குக் கேட்க ஏலாது” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுப்பித்தார். கதை கரையேறியது. காணாமற் போனவர்களின் பெண்சாதிமாரும் தாய்மாரும் வங்காலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, ஒருவர் பின் ஒருவராக ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். கை யாருக்கும் வரவில்லை. ஒரு தாய் தன் மகனின் பேரைச் சொல்லி ஒரு மணித்தியாலம் கூப்பிட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள். கடற்படைக்காரர்கள் கடலுக்குப் போகும் அனுமதிப் பாஸில் ஆட்களை எண்ணும்போது இது ஒரு பிரச்சினையாகியது. ஆறு பேரா, ஆறு பேரும் ஒரு கையுமா? அடையாள அட்டை இல்லாத கையைக் கடலுக்கு விடமுடியாது என்றான் ஒரு சிப்பாய். மூன்று நாள் போட் நின்றது. பிறகு அவர்களின் பெரியவர், முழு ஆள் என்றால்தான் ஆள் என்று தீர்ப்புச் சொன்னார்.

மதலேனாவின் தமக்கை அருளம்மாவுக்குத்தான் இது பெரிய வருத்தம். ஒவ்வொரு கார்த்திகையும் மரித்தோரின் பேர்களை எழுதிக் கோயிலில் கொடுக்கும்போது அவள் வந்து, “இந்த வருசமாவது தங்கச்சியின்ர பேரை எழுதுவம் பஸ்ரியன்” என்பாள். “உயிரோட இருக்கிறவையின்ர பேரை எழுதக்கூடாது மச்சாள்” என்பான் அவன். கையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவள் மடு மாதா கோயில் மண் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, செபம் சொல்லி, ஜெனரேற்றருக்குப் பின்னால் கொட்டிவிட்டாள். ஆத்துமம் இளைப்பாறட்டும் என்று அவள் செய்தது. மண் இறங்கிப் பம்பிக்குள் போய், எட்டே நாளில் புது ரப்பரைத் தின்று தீர்த்தது. இரண்டு மாதத்தில் வரவேண்டிய சேர்விஸ் எட்டாம் நாளே வந்தது. பஸ்ரியன் அருளம்மாவைக் கோபிக்கவில்லை. ஒரு சிரட்டையளவு மண்ணுக்கு என்ன செய்ய முடியும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டான்.

ஆனால் கை போதவில்லை. கையைக் கண்டவனுக்கு முகம் வேண்டும். ஒருமுறை அவன் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பச்சை மீன் போல நழுவிவிட்டது. 2005இல், வெட்கத்தை விட்டு, சாஹுல் ஹமீட்டிடம் போய் நின்றான். “நானா, ஒருக்கா ஜெனரேற்றரைக் கழட்டித் தூக்குவமே? அவளை வெளியில எடுக்கலாம்.” வேறு ஆளென்றால் விரட்டியிருப்பான். அவர் போட்டைக் கரையேற்றி, தளத்தை வெட்டுவித்து, சங்கிலித் தடி கட்டி ஜெனரேற்றரைத் தூக்குவித்தார். ஊரே திரண்டது. பின்னால் ஆறங்குலப் பள்ளம், உப்புப் பூத்த பலகை, பஸ்ரியன் எப்போதோ தவறவிட்ட இரண்டு ஸ்பானர்கள், அவ்வளவும்தான். அருளம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ்ரியன் அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலில் இருந்து பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அதிர்வு தாங்கட்டும் என்று அடியில் மொத்தமான புது ரப்பர்க் கட்டைகள் வைத்து ஜெனரேற்றரை இறக்கினார்கள். அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அளவு பார்க்க வேண்டியவன் அளவு பார்க்காமல் நின்றான். தளத்தை அடித்து மூடிய பிறகுதான் தெரிந்தது, ஜெனரேற்றர் இரண்டங்குலம் பின்னால் போய்விட்டது என்று. அடுத்த சேர்விஸில் கை வந்தது. ஆனால் நாலங்குலத்துக்குள்ளால்தான் வந்தது. புறங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. வெளியில் எடுக்கப் போய் அவளை இன்னும் நெருக்கிவிட்டேனே என்று பஸ்ரியன் தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி கழற்றித் தரும்படி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து பழைய சாரம் ஒன்றைக் கிழித்து எண்ணெயில் நனைத்துக் கொண்டுபோய், அந்தக் கை வரும் வழியில் இரும்பின் விளிம்பைச் சுற்றிவைப்பான்.

சண்டை திரும்ப வந்தது. 2007இல் பெரிய போட்டுகள் கடலுக்குப் போகத் தடை. சமுத்திர நாயகி இரண்டு வருசத்துக்கு மேல் கயிற்றில் கிடந்தது. ஓடாத ஜெனரேற்றருக்குச் சேர்விஸ் எதற்கு? இறுகிப்போகாமல் இருக்கக் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஓட்டவேண்டும் என்று பஸ்ரியன் சாஹுல் ஹமீட்டுக்குச் சொன்னான். டீசல் தங்கத்தைப்போல இருந்த காலம் அது. அவர் தேடிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பஸ்ரியன் தண்ணீர் உறிஞ்சும் குழாய்க்குள் ஒரு சிரட்டை மணலைப் போட்டான். பத்து நாளைக்கு ஒரு ரப்பர் தேய்ந்தது. மணல் சிரட்டை தளத்தின் மூலையில் எல்லாரும் காணத்தான் இருந்தது. சாஹுல் ஹமீட் அதைக் கண்டும் காணாமல் போனார். ஒரு நாள் அது உடைந்திருந்தபோது வேறொரு சிரட்டை அங்கே இருந்தது. இத்தனை வருசத்தில் பஸ்ரியன் அந்தக் கையோடு எவ்வளவோ பேசியிருந்தான்: பாலத்தில் சோதனை, கழுதை தின்ற வேலி, மச்சாளின் கால் வீக்கம். கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

2010 மாசியில் சாஹுல் ஹமீட் அவனைக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, “இனி எனக்கு ஏலாது பஸ்ரியன். கற்பிட்டி ஆக்கள் போட்டை எடுக்கினம். வியாழக்கிழமை கொண்டுபோவினம்” என்றார். கடைசியாக ஒருமுறை சேர்விஸ் செய்துவிடு என்றும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ்ரியன் இறங்கினான். ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது, தோளில் எண்ணெய் பூசிக்கொண்டுதான் ஓட்டைக்குள் போக முடிந்தது. படுத்தான். கை பன்னிரண்டைக் கொடுத்தது. நாலையும் கழற்றினான், ரப்பரை மாற்றினான், மூன்றைப் பூட்டினான். நாலாவதைப் பூட்டுமுன் நிறுத்தினான். மேலே ஓட்டையடியில் காவலிருந்த சாஹுல் ஹமீட்டுக்கு அவன் குரல் கேட்டது.

“மதலேனா. அந்தப் போட் என்னாலயோ போனது? நான் விட்ட போல்றாலயோ?”

சரியாக எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அலை நாலைந்து தரம் போட்டைத் தூக்கி வைத்தது என்கிறார் சாஹுல் ஹமீட். பிறகு கை வந்தது. அதில் ஸ்பானர் இருக்கவில்லை. பொத்தியிருந்தது. அவன் உள்ளங்கையின் மேல் வந்து விரிந்து, சின்னதாக ஒன்றை வைத்தது. பஸ்ரியன் பெருவிரலால் தடவினான். பித்தளை. தலையில் அரத்தால் கீறிய சிலுவை.

அவள் கண்டெடுத்திருக்கிறாள். அன்று பின்னேரமே, முற்றத்து மணலைக் கோதிக் கண்டெடுத்து, கையில் பொத்திக்கொண்டு கரைக்கு ஓடி வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் இயந்திரம் பூட்டியாயிற்று, சனம் ஏறியாயிற்று, புருசன் இடுப்பளவு தண்ணீரில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி, “ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, புதுசு போல ஓடும்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இருபத்திரண்டு பேருக்கு முன்னால் அவன் வேலை பிழை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மூன்று காணும் என்றவன் சொல்லை நம்பினாளா, நம்பாமலேதான் ஏறினாளா, அது கடலுக்குத் தெரியும். இடது கையை அவனிடம் தந்தாள், வலது கையைப் பொத்திக்கொண்டாள், ஏறினாள். இவ்வளவும் இரும்பின் மேல் கிடந்தவனுக்கு ஒரே மூச்சில் விளங்கியது. “ஐயோ, சொல்லியிருக்கலாமே! எல்லாரையும் இறக்கிப்போட்டுக் கழட்டியிருப்பனே! சொல்லியிருக்கலாமேயடி!” என்று அவன் குழறியது கரைவரைக்கும் கேட்டது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள்.

பிறகு சத்தம் அடங்கியது. பஸ்ரியன் அந்தப் பித்தளைப் போல்றை நாலாவது ஓட்டைக்குள் வைத்தான். ஒரு சின்ன இயந்திரத்துக்காகக் கடைந்தது பெரிய ஜெனரேற்றரின் பம்பிக்குப் பொருந்த நியாயமில்லை, பொருந்தியது. கை பன்னிரண்டைக் கொடுத்தது. முறுக்கி முடித்தான். அப்போது முதல் முறையாக மற்றக் கை, இடது கை, அந்த நாலங்குலத்துக்குள்ளால் வந்து அவன் கையைப் பிடித்தது. கரையில் அவன் பிடித்து விட்ட கை அது. இந்த முறை அவன் விடவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குச் சாஹுல் ஹமீட்டும் இரண்டு பேரும் அவனைக் கால்களில் பிடித்து வெளியே எடுத்தபோது, அவன் இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இருக்கவில்லை. இரத்தம் இல்லை, காயம் இல்லை. தோல் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் என்பதுபோல மூடியிருந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்குத்தர், பிறவிக் குறை என்று துண்டில் எழுதினார். பஸ்ரியன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். மறுநாள் வியாழக்கிழமை சமுத்திர நாயகி பாலத்தடியால் தெற்கே போனது. அவன் கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஒற்றைக் கையோடு, அதுவும் எழுதப் பழகாத வலது கையோடு, மெக்கானிக் வேலை என்ன வேலை? ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். பன்னிரண்டு மட்டும் இல்லை.

அந்தக் கார்த்திகையில் அருளம்மா வீக்கம் பிடித்த காலை இழுத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கடதாசியை மேசையில் வைத்துவிட்டு இருந்தாள். பஸ்ரியன் பேனையை வலது கையால் பிடித்து, முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோலக் கோணல் மாணலாக, ‘மதலேனா’ என்று எழுதினான். எழுதி முடிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. இருபது வருசத்தில் அவன் அவள் பேரை எழுதிய ஏழாவது தரம் அது. அருளம்மா கடதாசியை மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு போன பிறகு, அவன் கதவைச் சாத்திவிட்டு இரண்டு நாள் எழும்பவில்லை.

அடுத்த வருசம் சித்திரையில் கற்பிட்டியிலிருந்து முஹைதீன் என்ற மெக்கானிக் ஒருவன் இலக்கம் தேடி எடுத்துத் தொலைபேசியில் கூப்பிட்டான். முதல் முதல் அந்தப் பொந்துக்குள் இறங்கி ஏறி வந்தவன்; அவனும் அண்ணன் முறைதான் வைத்தான். “காக்கா, பின்னால கை இருக்கு. ரெண்டு கை. ஒண்டு பொம்புளைக் கை, ஒண்டு ஆம்பிளைக் கை. ஒண்டு பம்பியைத் தாங்கிப் பிடிக்குது, மற்றது பன்னிரண்டை எடுத்துத் தருது. நான் என்ன செய்ய?”

“நீர் ஒண்டும் செய்ய வேண்டாம் தம்பி. அவை வேலை தெரிஞ்ச ஆக்கள்” என்றான் பஸ்ரியன். “மூடுறதுக்கு முன்னம் நாலு போல்றும் இருக்கோ எண்டு மட்டும் எண்ணிப் பாரும்.”

முஹைதீன் திரும்ப இறங்கி எண்ணிப் பார்த்தான். நாலும் இருந்தன.